சோப்புல எழுதி கழுவிவிட்ட கவிதைகள்

நேயர்களுக்கு வணக்கம். இன்னிக்கு இரினா ரதுஷின்ஸ்கயா பத்தி பேசப்போறேன், பேரு வாய்ல நுழைய கஷ்டமா இருந்தா இரினான்னே வச்சுக்குவோம். 1954ல உக்ரைன்ல இருக்குற ஒதெஸ்ஸா நகரத்துல பொறந்தவங்க, ரஷ்ய மொழிக் கவிஞர், ஆனா காலேஜ்ல படிச்சது பிசிக்ஸ். கவிதை எழுதுனதுக்காக 1983ல சோவியத் கோர்ட்டு 7 வருஷம் லேபர் கேம்ப், அது முடிஞ்சு இன்னும் 5 வருஷம் சொந்த ஊர் பக்கமே வரக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

ரஷ்யாவுல மொர்தோவியாங்கிற பகுதியில பராஷெவோன்னு ஒரு இடம், அங்க அரசியல் கைதிப் பொம்பளைங்கள மட்டும் தனியா வேலி போட்டு வச்சிருந்தாங்க, கையுறை தைக்கிறதுதான் வேலை. குளிருன்னா நம்ம நினைக்கிற குளிரு இல்ல. பேப்பர்ல கவிதை எழுதி வச்சா சோதனையில புடுங்கிட்டுப் போயிடுவாங்க. இந்தம்மா என்ன பண்ணாங்க, எரிஞ்ச தீக்குச்சிய எடுத்து சோப்புக் கட்டி மேல கீறிக் கீறி எழுதுவாங்க, திரும்பத் திரும்ப வாசிச்சு மனப்பாடம் ஆனதும் கைய கழுவிடுவாங்க, அவ்வளவுதான், கவிதை தண்ணியோட போச்சு, சாட்சி இல்ல, சோப்பு அடுத்த கவிதைக்கு ரெடி! அப்புறம் சமயம் வாய்க்கும்போது சிகரெட் பேப்பர்ல பொடிப்பொடியா எழுதி வெளிய கடத்துனாங்க.

இத எல்லாரும் வீரக்கதையாத்தான் சொல்றாங்க, எனக்கு அதுல கொஞ்சம் கோவம் உண்டு. அவங்க சந்தமும் இயைபும் வச்சு எழுதுறவங்க, அதனாலதான் மனசுல நின்னுச்சு, எதுகை மோனையில படிச்ச பாட்டு நமக்கு எத்தன வருஷம் ஆனாலும் மறக்காதுல்ல, அதே சங்கதிதான். ஓசை இல்லாம எழுதியிருந்தா எத்தன கவிதை தப்பிச்சிருக்குமோ. சந்தம் பழசாயிடுச்சுன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் இந்த சோப்பத்தான் காட்டுவேன். கவிதைய பாத்தாலும் கோஷம் கம்மி. ஜெயில் ஜன்னல் கண்ணாடியில உறைபனி போட்ட கோலத்த பாத்து சந்தோஷப்பட்டத ஒரு முழுக் கவிதையா எழுதியிருக்காங்க, கைதி எழுதுனதுல எனக்குப் புடிச்சது அதுதான்.

அய்யோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாங்க, டைம் ஆச்சு போல. சுருக்கமா சொல்லிடுறேன். 1986 அக்டோபர்ல, அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்ல சந்திக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இரினாவ விட்டுட்டாங்க, வெளிநாடு போனதும் குடியுரிமைய புடுங்கிட்டாங்க, 1998ல திரும்பி வந்து மாஸ்கோவுல டிவி சீரியலுக்கெல்லாம் எழுதுனாங்க, ஆமா சீரியலுக்குத்தான், அதப் பத்தியே தனியா பேசணும். 2017ல காலமானாங்க. கேம்ப் அனுபவத்த ஒரு புத்தகமாவும் எழுதியிருக்காங்க, கெடைச்சா படிங்க. நன்றி, வணக்கம்.