அழைப்பு வந்த ஆண்டைப் பாருங்கள்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'தன்பாலின ஈர்ப்பாளர்களைச் சூதாட்ட விடுதிகள் விளம்பரம் செய்து அழைப்பது அங்கீகாரமா, ஆதாயமா?' 'ஆதாயமே' என்ற அணியில் பேசிய பள்ளி ஆசிரியை ஒருவரின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லைச் சாவடியான கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நெஞ்சைத் தொடும்படி பேசினார். பெற்ற வீடு கதவைச் சாத்தியது, வழிபாட்டு இடங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, சட்டம் குற்றவாளி என்றது. அப்படிப்பட்ட காலத்தில் காசினோக்கள் எனப்படும் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகள் தன்பாலின ஈர்ப்பாளர்களின் அடையாளமான வானவில் கொடியை ஏற்றி, 'நீங்கள் இருவரும் வாருங்கள், ஒரே கட்டில் உள்ள அறையைக் கூச்சமின்றிக் கேளுங்கள்' என்றன. இதை அங்கீகாரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்று கேட்டார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. கதவு சாத்தப்பட்டது என்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த இன்னொரு கதவு எப்போது திறந்தது, ஏன் திறந்தது என்பதில்தான் அவருக்கும் எனக்கும் வழக்கு.

நடுவர் அவர்களே, அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் கடற்கரை ஊர். 1976-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து அங்கே சூதாட்டத்தை அனுமதித்தார்கள். 1978-இல் ரிசார்ட்ஸ் என்ற முதல் காசினோ திறந்தது. அதற்கு முன்பே அந்த ஊரின் நியூயார்க் அவென்யூவில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களும் தங்கும் விடுதிகளும் வரிசையாக இருந்தன. வெளியூரிலிருந்தெல்லாம் அந்தத் தெருவுக்கு ஆட்கள் வந்தார்கள். காசினோக்கள் வந்த பிறகான ஆண்டுகளில் அந்தத் தெரு தேய்ந்து மறைந்தது. அவர்கள் அந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர் என்பதை நடுவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2006-இல் அந்த ஊர்க் காசினோக்கள் ஓராண்டில் ஈட்டியது சுமார் 520 கோடி டாலர். அதே ஆண்டின் கடைசியில் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா தன் எல்லைக்குள்ளேயே சூதாட்டக் கூடங்களைத் திறந்துவிட்டது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும்போது யார் பஸ் ஏறிப் போவார்கள்? 2011-இல் அந்த வருமானம் சுமார் 330 கோடியாகச் சரிந்தது. ரிசார்ட்ஸ் கடனைக் கட்ட முடியாமல் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போய், 2010-இல் வேறு முதலாளிகளிடம் விற்பனையானது. அந்த ரிசார்ட்ஸ் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கென்றே ஓர் இரவுக் கேளிக்கைக் கூடத்தைத் தன் கட்டடத்துக்குள் திறந்தது எந்த ஆண்டு? 2011. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்துத் தெருவில் இருந்தவர்களுக்கு, மேசைகள் காலியான பிறகு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து, 2014-இல், அந்த ஊரில் நான்கு காசினோக்கள் மூடப்பட்டன. எவ்வளவு பெரிய நெருக்கடியில் அந்தக் கொடி ஏறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அழைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 பள்ளங்கள். ஒரே எண்ணில் ஒரு டாலர் கட்டி வென்றால் அந்த டாலரைத் திருப்பித் தந்து, அதோடு 35 டாலர் கொடுப்பார்கள். 38 வாய்ப்புள்ள ஆட்டத்தில் மொத்தம் 36 மட்டுமே கைக்கு வருவதால், கட்டப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் விடுதிக்கே நின்றுவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கணக்கு அப்படி. அடுத்தது உறுப்பினர் அட்டை. எவ்வளவு கட்டுகிறீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்கிறீர்கள், எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்பதை அந்த அட்டை பதிவு செய்கிறது. நீங்கள் எவ்வளவு இழப்பீர்கள் என்று கணக்கிட்டு, அதில் ஒரு பங்கைத்தான் இலவச அறையாகவும் இலவசச் சாப்பாடாகவும் திருப்பித் தருகிறார்கள். தம்பி மனமுருகிச் சொன்ன அந்த ஒரே கட்டில் அறையின் வாடகை, அதில் தங்குபவர் தோற்கப்போகும் பணத்திலிருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்டது.

வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "டீச்சர், லாஸ் வேகாஸில் யார் யாரை அழைத்தால் நமக்கென்ன? நம் ஊருக்கு இந்தத் தலைப்பு எதற்கு?" ஐயா, நம் ஊரை விட இந்தத் தலைப்புக்குப் பொருத்தமான ஊர் வேறில்லை.

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த எல்லைக்குப் போனாலும் சோதனைச் சாவடியைத் தாண்டிய கையோடு லாட்டரிக் கடைகள். மரப்பலகையில் சீட்டுகள் வரிசை வரிசையாகச் செருகியிருக்கும். மேலே பெரிய பலகையில் தமிழ். பிழையில்லாத, கொட்டை எழுத்துத் தமிழ். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரை 'வாங்க அண்ணா' என்று அழைக்கும் குரலும் தமிழ். பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல் முடிந்ததும் முடிவைத் தமிழில் படித்துச் சொல்லவும் ஆள் உண்டு. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. அந்தச் சீட்டு வாளையாறில் வாங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பலகைகள் இன்னும் பெரிதாயின. சீட்டு விற்றுப் பிழைக்கும் மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் நான் ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. அந்தப் பலகை கேரளம் தமிழுக்குக் கொடுத்த அங்கீகாரமா என்பதை மட்டும் கேட்கிறேன்.

இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அங்கீகாரம் எதில் வந்தது? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளிகளில் வந்தது. இந்தப் பொங்கலுக்கு எல்லை மாவட்டங்களுக்கு அரசு தரும் உள்ளூர் விடுமுறையில் வந்தது. அந்தச் சட்டம் கையில் இருந்தும், தமிழில் எழுதிய ஒரு மனுவை ஓர் அலுவலகத்தில் வாங்க வைப்பதற்கு நாம் எத்தனை பேர் எத்தனை முறை நின்றிருக்கிறோம்! லாட்டரிக் கடையில் அந்தத் தொல்லையே கிடையாது. பணம் வாங்கும் இடத்தில் நம் மொழி முகப்பில் இருக்கிறது, உரிமை கேட்கும் இடத்தில் கடைசி வரிசையில் நிற்கிறது. இந்த வேறுபாட்டை வாழ்ந்து தெரிந்துகொண்ட ஊர் இது. அதனால்தான் ஐயா, இந்தத் தலைப்பு நமக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. தன்பாலின ஈர்ப்பாளர்கள் லாஸ் வேகாஸில் மட்டும் இல்லை, நம் தெருவிலும் இருக்கிறார்கள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது கொச்சியில் வேலை பார்க்கிறான். தன் இணையோடு வாடகை வீட்டில் இருக்கிறான். பெயர் சொல்லாமல் இதைப் பேசலாம் என்று அவனே அனுமதி தந்தான். வீட்டுக்காரரிடம் அந்த இன்னொருவரைச் சித்தி மகன் என்று சொல்லி வைத்திருக்கிறான். அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் யாரும் படுப்பதில்லை. வீட்டுக்கார அம்மா எந்த நேரத்தில் குழம்புக் கிண்ணத்தோடு வருவார் என்று தெரியாததால், தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தக் கட்டிலின் விரிப்பைக் கசக்கிவிட்டு, தலையணையை நடுவில் அமுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அவனுக்கு, ஒரே கட்டில் உள்ள அறையில் பயமில்லாமல் தூங்கும் ஓர் இரவு எவ்வளவு பெரியது! அது எவ்வளவு பெரியது என்பதை விற்கிறவர் மிக நன்றாக அறிவார். என் வாதத்தின் உயிர் இங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே. வீடு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த அழைப்பின் விலை ஏறும். வாடகை வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறவன் எதற்காகச் சூதாட்ட விடுதியில் நிம்மதியைத் தேடுவான்? நாம் சாத்திய கதவுதான் அந்த வியாபாரத்தின் மூலதனம். அதைத் திறந்துவிட அந்த வியாபாரிக்கு எந்த அவசரமும் இருக்காது.

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார் ஒரு நல்ல வாதம் வைத்தார். அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையானவளாக இருக்க மாட்டேன். அமெரிக்காவில் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் என்ற உரிமை அமைப்பு 2002 முதல் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. சீசர்ஸ், எம்ஜிஎம் போன்ற காசினோ நிறுவனங்கள் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கின்றன. அங்கே வேலை செய்யும் ஓரினத் தம்பதியருக்குத் திருமண உரிமை வருவதற்கு முன்பே இணையருக்கான மருத்துவக் காப்பீடு கிடைத்தது என்றார். உண்மை. சீட்டுப் பிரித்துப் போடுகிறவரும் அறையைச் சுத்தம் செய்கிறவரும் அதனால் பயன் பெற்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் அம்மா, மதிப்பெண் போட்டது யார்? உரிமை அமைப்பு. நிறுவனங்கள் விதியை மாற்றியதில் அந்த மதிப்பெண்ணுக்கும் பங்கு உண்டு. கேட்டு வாங்கியவர்களின் உழைப்பை அழைப்பிதழ் அச்சடித்தவர்களின் கணக்கில் எழுதாதீர்கள்.

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தையே பாருங்கள். 1931 முதல் சூதாட்டம் சட்டப்படி நடக்கும் மாநிலம். 2002-இல் அந்த மாநில வாக்காளர்கள் ஆண்-பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நகரம் முழுக்கத் திருமணக் கூடங்கள், ஆனால் இந்த இணையருக்கு இடமில்லை. 2014-இல் நீதிமன்றத் தீர்ப்பால்தான் அந்தத் தடை உடைந்தது. 2020-இல் வாக்காளர்களே அந்த வரியை நீக்கினார்கள். வழக்குத் தொடுத்த இணையர்கள், வாதாடிய வழக்கறிஞர்கள், மனம் மாறிய மக்கள் என்று இதில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரவு விருந்து நடத்தியவர்களை நான் அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன்.

'அவர்கள் வசதியானவர்கள், பிள்ளை குட்டி இல்லாதவர்கள், செலவழிக்கட்டுமே' என்ற பேச்சும் வந்தது. விளம்பரக்காரர்கள் பரப்பிய பேச்சு அது. அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பால்புதுமையர் எனப்படும் தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் முதலியோரில் ஒட்டுமொத்தமாக 21.6 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள், மற்றவர்களில் 15.7 சதவீதம். வியாபாரிகள் வசதியானவர்களை மட்டும் தேடுவதும் இல்லை. 1990-களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. பின்னால் அதன் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ஒரு வசைச்சொல்.

அப்படியானால் அங்கீகாரம் எப்படி இருக்கும் என்று நடுவர் கேட்கலாம். 2021-இல் மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இந்த வாழ்க்கையைத் தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அந்த நீதிபதிக்கு இதில் ஒரு ரூபாய் ஆதாயம் உண்டா?

2023-இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அதன் தொடர்ச்சியாக 2024-இல் மத்திய அரசிலிருந்து சில கடிதங்கள் புறப்பட்டன. ஒன்றாக வாழும் இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி ஒன்று. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று ஒன்று. நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ள வழிசெய்யச் சொல்லி ஒன்று. அரிசி, சேமிப்பு, இறுதிச் சடங்கு. வானவில் நிறத்தில் ஒன்றும் அச்சிடவில்லை, சாதாரணக் கடிதத் தாள்தான்.

நம் ரேஷன் கடையில் அந்தக் கடிதத்தின் விவரம் ஒட்டியிருக்கிறதா? நான் போய்ப் பார்த்தேன், இல்லை. வங்கிக் கிளையிலும் இல்லை. இந்த மேடையில் ஊராட்சி உறுப்பினர்கள் இருவர் இருக்கிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் அதை எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. எதிரணித் தம்பியும் அம்மையாரும் இப்போதே கீழே இறங்கி வந்து அடுத்த இரண்டு கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை நடுவர் பிறகு சொல்லட்டும். நன்றி, வணக்கம்.