தறிக்குழிப் பக்கத்தில் ஒரு வேதாகமம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். தினமும் ஜெபிப்பதையும் வேதம் வாசிப்பதையும் பழக்கமாக்கிக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பெல் அடித்த பிறகும் கரும்பலகையை விட்டு நகராதவர் என்று பிள்ளைகளிடம் பெயர் வாங்கியவன். இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பார்ப்போம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, கேக்கும் காபியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, "இந்த வருஷம் வேதாகமத்தை முழுசாக முடித்துவிட வேண்டும்" என்று நான் தீர்மானம் எடுத்த வருஷங்கள் ஏராளம். முடித்த வருஷங்கள் குறைவு. கணக்கு என்னவோ சுலபம்தான். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதிய ஏற்பாட்டில் 260, ஆக மொத்தம் 1189. கிழமை நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்துக்கு 1196. ஏழு அதிகாரம் கையில் மிச்சம்கூட நிற்கும்.

காகிதத்தில் மிச்சம் நிற்கும். வீட்டில் நிற்காது. முதல் இரண்டு புத்தகங்கள், ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40, இதெல்லாம் கதை மாதிரி ஓடிவிடும். ஜனவரி கடைசியில் மூன்றாவது புத்தகம், லேவியராகமம் வரும். அங்கேதான் வண்டி மணலில் இறங்கும். எந்தப் பலிக்கு எந்தக் கொழுப்பு என்று படித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். நாலு நாள் விட்டுப்போகும். நாலு நாள் பாக்கி என்றால் 12 அதிகாரம். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் பாக்கி 30. கடன்காரரைக் கண்டு சந்து மாறிப் போகிற மாதிரி, அப்புறம் அந்த அலமாரிப் பக்கமே போகத் தோன்றாது. ஞாயிறு காலையில் எடுத்தால் ஜிப் உறையில் தூசி. எங்கள் வீட்டு உறையின் ஜிப் ஒருமுறை துருப்பிடித்துத் திறக்காமலே போய்விட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் திறந்தோம். சிரிக்காதீர்கள். வேறு மதத்து நேயர்கள், நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவை நினைத்துக்கொண்டால் போதும்.

இனி எங்கள் அப்பாரு கதைக்கு வருகிறேன். அப்பாவைப் பெற்றவர். சென்னிமலைப் பக்கம் நெசவுக்காரர். வீட்டு முன்னறையிலே குழித்தறி. தறிக்குழியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் ஒரு மாடம். அதில்தான் வேதாகமம் இருக்கும். ஜிப்பும் கிடையாது, தோல் அட்டையும் கிடையாது. பெட்ஷீட் துணியில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி வைத்திருப்பார். காலையில் முகம் கழுவி, காபி குடித்து, தறிக்குழியில் கால் வைப்பதற்கு முன்னால் அதை எடுப்பார். மூன்றாம் வகுப்புப் படிப்பு, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் வந்தால் பெரிசு. சில நாள் பத்து வசனம். படித்த இடத்தில் ஒரு நூலைப் போட்டு மூடிவிட்டு, தறியில் இறங்கிவிடுவார்.

அந்த வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கங்களின் கீழ் மூலையெல்லாம் கறை. அந்தக் காலத்துச் சாய நூல் கையில் ஒட்டும், வியர்த்தால் இறங்கும். அதனால் அன்றைக்குத் தறியில் என்ன நிறமோ, அதுதான் பக்கத்திலும். ஆதியாகமத்தில் பெருவிரல் ரேகை சிவப்பு. சங்கீதம் என்கிற பாட்டுப் புத்தகத்தில் நீலம். ஏசாயா முழுக்கப் பச்சை, அந்த ஆர்டர் பெரிய ஆர்டராக இருந்திருக்க வேண்டும்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். ஒருநாள் காலை ராட்டையில் நூலைத் தாராக, அதாவது சின்னக் குச்சியில், சுற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பாரு கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இங்க வா. இதைக் கொஞ்சம் சத்தமாப் படி."

லேவியராகமம் 13. தோல் நோய் அதிகாரம். நான் முன்சொன்ன, எல்லோருக்கும் கண் சொக்குகிற இடம். அதன் கடைசிப் பகுதி துணியைப் பற்றியது. ஆட்டுமயிர் வஸ்திரம், பஞ்சுநூல் வஸ்திரம், அதன் பாவில், அதாவது நீள இழையில், கறை கண்டால் என்ன செய்வது, ஊடையில், அதாவது குறுக்கு இழையில், கண்டால் என்ன செய்வது. பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் ஆசாரியனிடம் காட்ட வேண்டும். ஏழு நாள் அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும். கறை பரவினால் சுட்டெரிக்க வேண்டும். பரவாமல் இருந்தால் துவைத்து, இன்னும் ஏழு நாள் பார்க்க வேண்டும். அப்போது கறை மங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் கிழித்தெடுத்துவிட வேண்டும்.

"பாவுன்னா போட்டிருக்குது?"

"ஆமாங்க அப்பாரு. பாவு, ஊடை."

"அட, இது நம்ம பொழப்பையல்ல எழுதியிருக்குது!"

அந்த ஐப்பசி மழையில் கஞ்சி போட்ட பாவு ஒன்று பூசணம் பிடித்து வீணாகியிருந்தது. பாட்டிக்கும் அவருக்கும் அதைப் பற்றி ஒரு வாரமாகப் பேச்சு. இதோ, மோசே காலத்திலும் அதே கஷ்டம். அப்பாரு அடுத்த அதிகாரத்துக்குப் போகவே இல்லை. தினமும் அதே வசனங்கள். துணி சொசைட்டிக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சுதான். இந்தத் தமிழ் மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்தது. பாவு, ஊடை என்று நெசவுக்காரர் சொல்லையே அவர்கள் போட்டிருக்கிறார்கள். வேறு ஏதாவது பெரிய வார்த்தை போட்டிருந்தால் அப்பாரு அன்றைக்குத் தாண்டிப் போயிருப்பார்.

சரி, கதை நீண்டுவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்ததெல்லாம் அதிலேயே இருக்கிறது. அப்பாரு தனியாக நேரம் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே தினமும் நடந்தே தீருகிற ஒரு வேலையின் வாசலில் வேதாகமத்தை வைத்தார். தறியில் இறங்காத நாள் கிடையாது, ஆகவே வாசிக்காத நாளும் அநேகமாகக் கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது. கம்பெனி பஸ் வரும்வரை நிற்பது. குக்கர் மூன்று விசில் விடுகிற நேரம். திருப்பூரில் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆறு மணி, எட்டு மணி என்று சொல்லிப் பயனில்லை, வாராவாரம் மாறும். ஆனால் ஷிப்டு எதுவானாலும் டிபன் பாக்ஸ் கட்டுவீர்கள் அல்லவா? அதன் பக்கத்தில் வையுங்கள். எனக்கும் அப்படி ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பாக்கி வைக்காதீர்கள். தறியில் இழை அறுந்தால் அப்பாரு என்ன செய்வார்? குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடாவை நிறுத்துவார், இரண்டு முனையையும் தேடி எடுத்து முடிச்சுப் போடுவார், மறுபடி நெய்வார். நெய்த துணியைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்கமாட்டார். வாசிப்பிலும் அதேதான். காய்ச்சலில் நாலு நாள் படுத்தால், ஐந்தாம் நாள் நூல் போட்ட இடத்தைத் திறந்து அடுத்த வசனம். விட்டுப்போன நாலு நாளுக்கு ஈடு கட்டியதே இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பழக்கம் உருவாவதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 96 பேர். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னது செய்வேன் என்கிற மாதிரி ஆளுக்கொரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு 12 வாரம் செய்தார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நாம் கேட்டிருக்கிறோமே, அவர்களுக்குச் சராசரியாக வந்த கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. புரோட்டஸ்டண்ட் வேதாகமத்திலும் புத்தகம் 66 என்று உடனே யாராவது பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க வேண்டாம், அது தற்செயல். நான் கவனித்தது வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று அவர்கள் கண்டார்கள். அப்பாரு முடிச்சுப் போட்டது சரிதான்.

"ஒரு அதிகாரமாவது முடிக்காமல் மூடினால் பாவமோ?" என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார். இல்லை அம்மிணி. அதிகாரப் பிரிவே மனிதர் செய்தது. இன்றைக்கு நாம் வைத்திருக்கிற பிரிவு 13-ம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்கிற பேராயர் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டது 1551-ல், ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர். எங்கே மனசு நிற்கிறதோ அங்கே நிறுத்தலாம்.

செல்போனில் வாசிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வசனத்தைத் திறக்கும்போதே மேலே வாட்ஸ்அப் எட்டிப்பார்க்கும். அப்புறம் அரை மணி நேரம் சித்தப்பா பையன் கல்யாண போட்டோதான். காலையில் பத்துப் பேருக்கு வசனம் அனுப்பிவிட்டால் வாசித்ததாக ஆகிவிடாது. புது வருஷத்தில் ஆளுக்கொரு வசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். நல்லதாக வந்தால் கண்ணாடி போட்டு மாட்டுகிறோம், வராவிட்டால் இன்னொன்று எடுக்கிறோம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புலம்பலை யாராவது அட்டையில் அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இதைப் பற்றி எனக்குத் தனியாகவே ஒரு மணி நேரம் வேண்டும்...

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். ஜெபத்தைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை!

சுருக்கமாகச் சொல்கிறேன். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்று 55-ம் சங்கீதத்தில் தாவீது மூன்று வேளை சொல்கிறார். நாம் ஒன்றில் ஆரம்பிக்கலாம். வார்த்தை வராவிட்டால் அன்று வாசித்த சங்கீதத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். காலண்டர் தாளில் ஒரு நாளைக்கு ஒரு பெயர் எழுதிவைத்து அவருக்காக ஜெபியுங்கள். குடும்ப ஜெபம் சீரியலுக்கு முன்னால் நடக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் நீட்டினால் பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிடுவார்கள், நானே தூங்கியிருக்கிறேன்.

என் விஷயம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? காலையில் மோட்டார் போடுவது. மேல்தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும். மாடிப்படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் ஜெபம். பெரும்பாலும் நானே எழுந்து நிறுத்திவிடுவேன். எப்போதாவது பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏனுங்க வாத்தியாரே, தண்ணி ரோட்டுக்குப் போகுதுங்க!" என்று சத்தம் போடுவார். அவருடைய பெயரும் காலண்டரில் இருக்கிறது, வியாழக்கிழமை.

வணக்கம்.