வரி அங்கே, சுமை இங்கே

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இறக்குமதி வரியைச் சட்டப்படி கட்டுகிறவர் சரக்கை வாங்கும் நாட்டின் இறக்குமதியாளர்தான். ஆனால் அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதைத் திருப்பூர் 2025ஆம் ஆண்டில் கண்டுகொண்டது. ஏப்ரல் 2 அன்று இந்தியச் சரக்குகளுக்குக் கூடுதலாக 26 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஒரே வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 சதவீதம் ஆக்கினார். ஆகஸ்ட் 7இல் அது 25 ஆனது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரியே 16.5 சதவீதம். ஏற்றுமதி விலை 5 டாலர் என்றால், முன்பு 83 சென்ட் அளவுக்கு இருந்த வரி, கூடுதல் 50 சதவீதமும் சேர்ந்ததும் 3 டாலர் 32 சென்ட்டுக்கு ஏறியது. கூடுதல் வரி 20 சதவீதமாக இருந்த வங்கதேசத்தின் அதே டி-ஷர்ட்டுக்கு 1 டாலர் 82 சென்ட்தான். சில சென்ட்டுகளுக்காகப் பேரம் நடக்கும் தொழிலில் ஒன்றரை டாலர் வித்தியாசத்தை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது.

இருந்தாலும், வரி விகிதத்தைவிடப் பெரிய ஆபத்து அது மாறிய வேகத்தில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆர்டர் வந்ததும் நூல் வாங்கி, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடித்துக் கப்பலில் ஏற்ற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். விலையோ ஆர்டர் எடுத்த அன்றே முடிவாகிவிடுகிறது. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தைக் கடந்த சரக்குக்கு மட்டும் இரண்டாவது 25 சதவீதத்திலிருந்து விலக்கு கிடைத்தது. தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, நியூயார்க் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஆகஸ்ட் மூன்றாம் வாரம் புறப்பட்ட கன்டெய்னர் கடலில் இருக்கும்போதே அந்தக் கெடு முடிந்துவிட்டது.

அந்த நிலையில் சரக்கை வாங்கும் அமெரிக்க பையர் தள்ளுபடி கேட்டால் மறுப்பது எளிதல்ல. அவருடைய பிராண்ட் லேபிள் தைத்த துணியை வேறு நாட்டுக்குத் திருப்பிவிட முடியாது. சரக்கைத் தயாரிக்க வங்கியில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடுகிறது. மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியை நிறுத்திவைத்தது நல்ல நடவடிக்கை. ஆனால் ஏற்கெனவே நூல் வாங்கித் தைத்து முடித்த ஆர்டருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே ஏற்றுமதியாளர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதுதான்: ஆர்டர் எடுத்த பின் வரி மாறினால் கூடுதல் தொகையை எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சிறிய நிறுவனம் தனியாகக் கேட்டால் கிடைக்காது. சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, உங்களுக்காக டையிங், தையல் போன்ற வேலைகளைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் வொர்க் நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையருக்கு நீங்கள் கொடுத்த தள்ளுபடி அவர்களுடைய பில் தொகையில் பிடித்தமாகவோ, மாதக்கணக்கில் தள்ளிப்போகும் பணமாகவோ போய்ச் சேருகிறது. அதை எதிர்த்துக் கேட்க அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.