நான்காம் பாகத்தையும் காணவில்லை, மணிமேகலையையும் காணவில்லை!

வணக்கம் உறவுகளே! தேத்தண்ணி தயார், பனங்கட்டி தயார், பக்கத்து வீட்டுச் சேவலும் வழமைபோலக் குறுக்கே கூவத் தயார். இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் வந்திருக்கிறேன். இதைப் பாருங்கள், என்ன புத்தகம்? கொலைவாள். சரி, இது? இதுவும் கொலைவாள்!

அம்மம்மாவுக்குப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன்தானே. சுன்னாகத்தில் பஸ் ஏறி, யாழ்ப்பாண டவுனில் ஒரு கடையில் 7,800 ரூபா சொன்னதை 7,500க்குக் கொண்டுவந்தேன். அந்த 300 ரூபாவில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! மிச்சம் பிடித்த காசுக்கு ஐஸ்கிரீமும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து.

அடுத்த நாள் திரும்பவும் பஸ். "பிள்ளை, பொலித்தீன் கிழிச்சாச்சு, இனி மாத்தேலாது" என்கிறார் கடைக்காரர். மட்டைப் பெட்டிக்குள் அடைத்து, மேலே பொலித்தீனும் சுற்றி வைத்தால் உள்ளே இருப்பதைக் கிழிக்காமல் பார்க்க எனக்கென்ன ஞானக்கண்ணா? நாலாம் பாகம் மட்டும் தனியாக என்றால் 1,900 ரூபாவாம். அதுவும் இப்போது கையில் இல்லையாம், இந்தியாவிலிருந்து அடுத்த பெட்டி வரட்டுமாம். 300 ரூபா மிச்சம் பிடித்த கெட்டிக்காரிக்கு இரண்டு நாள் பஸ் காசும் போச்சு.

ஏன் இவ்வளவு விசர் வருகிறது என்றால், காணாமல் போனது மணிமகுடம். கடம்பூர் மாளிகையில் மணிமேகலை வந்தியத்தேவனை நினைத்து உருகுவதெல்லாம் அதிலேதான் வரும். படம் மட்டும் பார்த்தவர்கள் "எந்த மணிமேகலை?" என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். கடம்பூர் இளவரசன் கந்தமாறனின் தங்கை. மணிரத்னத்தின் படத்தில் அவளே இல்லை.

அம்மம்மா கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துக் கட்டி வைத்திருந்தவர். அந்தக் கட்டு, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. 2022இல் முதல் பாகத்தையும் 2023இல் இரண்டாம் பாகத்தையும் அவரோடு இருந்துதான் பார்த்தேன். கிட்டத்தட்ட ஐந்தரை மணித்தியாலப் படம். கார்த்தி வந்தால் சிரிப்பார், ஜெயராமின் ஆழ்வார்க்கடியானைப் பார்த்து இன்னும் சிரிப்பார். கடைசியில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரே ஒரு கேள்வி: "எடி, அந்தக் கடம்பூர்ப் பெட்டை எங்கை?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

"நாவலை அப்படியே எடுக்க வேண்டும்" என்று சண்டை பிடிக்கிற ஆள் நான் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். 1950இலிருந்து 1954 வரை தொடராக வந்த கதையை அப்படியே எடுத்தால் நாங்கள் தியேட்டரிலேயே குடியிருக்க வேண்டியதுதான். எம்.ஜி.ஆர் 1958இல் உரிமை வாங்கியும் எடுக்க முடியாமல் போன கதை அது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் கல்கி கடைசி அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு வைத்தார்? "மலர் உதிர்ந்தது". அந்த மலர் யார்? மணிமேகலை! அத்தனை போரும் சதியும் முடிசூட்டும் தாண்டி, கதையை ஒரு பெண்ணின் சாவில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்தப் பெண்ணையே வெட்டினால் கதை வேறு இடத்தில்தானே முடியும்?

சேந்தன் அமுதன் விஷயமும் அப்படித்தான். நாவலில் கடைசியில் முடிசூடுகிற உண்மையான உத்தம சோழன் அவன்தான், அவனைக் கட்டிய பூங்குழலி பட்டத்தரசி ஆகிறாள். ஓடம் விட்ட பெட்டை சோழநாட்டு ராணி! படத்தில் மதுராந்தகன்தான் முடிசூடுகிறான். பூங்குழலி பாவம், கடலோடு சரி.

ஆ, மறந்துவிட்டேன், இதை முதலே சொல்லியிருக்க வேண்டும். அவள் ஓடம் விட்டுக்கொண்டு வந்தது எங்கள் இலங்கைப் பக்கம். நாவலில் பூதத் தீவு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. தொண்டைமானாறு வரும், மாதோட்டம் வரும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோது நான் பூங்குழலி மாதிரி நடித்து விழப் பார்த்தேனே, அந்த வீடியோ ஞாபகம் இருக்கா? கல்கி இலங்கைக்கு வந்து பார்த்துவிட்டு எழுதினார். படப்பிடிப்பை 2019 டிசம்பரில் எங்கே தொடங்கினார்கள்? தாய்லாந்தில். சரி, காரணங்கள் இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், "அசுரன் உனக்குப் பிடிக்குமே, அதில் மாற்றவில்லையா?" என்று. மாற்றினார்கள்தான். அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் வெக்கை நாவலில் கொலை செய்துவிட்டு ஓடுகிற சின்னப் பெடியன் சிதம்பரம்தான் நடு. வெற்றிமாறன் அப்பாவைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டார், தனுஷ் என்றால் வைக்கத்தானே வேண்டும். ஆனாலும் தகப்பனும் மகனும் காடு மேடாக ஒளிந்து திரியும்போது ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை புத்தகத்திலும் இருக்கிறது, படத்திலும் இருக்கிறது. மகேந்திரனின் உதிரிப்பூக்கள் இன்னும் தூரம். புதுமைப்பித்தனின் சிற்றன்னையைப் படித்துவிட்டுப் போனால் "இது அதுவா?" என்பீர்கள். அந்தப் படத்தைக் குறை சொன்னால் நான் உங்களோடு கதைக்க மாட்டேன்.

எங்கள் ஆட்கள் எடுத்ததையும் சொல்ல வேண்டும். செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978இல் படமாக வந்தது, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கம். கதை நெடுந்தீவில் நடக்கிறது. நூலகம் என்கிற இணையத்தளத்தில் செங்கை ஆழியானுடைய புத்தகங்கள் கனக்க இருக்கின்றன, போய் வாசியுங்கள். படத்தைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன். போன மாதமும் இதையேதான் சொன்னேன், தெரியும், தெரியும்.

இப்போது அவசர விஷயம். எனக்கு இரண்டு கொலைவாள் வந்திருக்கிறது என்றால், யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் பெட்டியில் இரண்டு மணிமகுடம் இருக்க வேண்டும். அது நீங்கள் என்றால் உடனே கொமென்ட் போடுங்கள், நானே பஸ் ஏறி வருகிறேன். அம்மம்மாவுக்கு மூன்றாம் பாகத்தில் இன்னும் முப்பது பக்கம்தான் மிச்சம். ஐந்தைக் கொடுத்தால் வேண்டாமாம்.