அந்த ஜனங்க காலைல என்ன சாப்பிடுவாங்க?

வணக்கம் நேயர்களே. கற்பனையா ஒரு உலகம் உருவாக்கணும்னு உக்காந்தா மொதல்ல ராஜா பேரு, கொடி, சாமி, பாஷை இதெல்லாம் தான் எழுதத் தோணும், நானும் ரெண்டு வருஷம் நோட்டு நோட்டா அப்படித்தான் எழுதுனேன், ஆனா ஒரு ஃப்ரெண்டு படிச்சுட்டு "இவங்க காலைல எந்திரிச்சு என்ன சாப்பிடுவாங்க?"ன்னு கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. எந்த மண்ணுல வாழ்றாங்கன்னே நான் முடிவு பண்ணல.

அதனால எடத்த மொதல்ல பிடிங்க. தென் அமெரிக்காவுல இருக்குற ஆண்டீஸ் மலைய பாருங்க, மேட்டுல ராத்திரி உறைபனி, பகல்ல சுள்ளுனு வெயில். உருளைக்கிழங்க ராத்திரி வெட்டவெளில பரப்பி வைப்பாங்க, உறைஞ்சு போயிரும், மறுநாள் இளகுனதும் கால்ல மிதிச்சு தண்ணிய பிழிஞ்சு எடுப்பாங்க, இப்படியே சில நாள் பண்ணி காயவச்சா வருஷக்கணக்கா கெடாது, சுன்யோன்னு பேரு. அந்த மலைய ஆண்ட இன்கா ராஜ்யம் இத சாலையோரக் கிடங்குல சேத்து வச்சுத்தான் படைக்கு சாப்பாடு போட்டுச்சு. அங்க வண்டி ஓடல, செங்குத்தான பாதைல படிக்கட்டு, சுமை லாமா முதுகுல போகும், கணக்கு முடிச்சு போட்ட கயித்துல இருக்கும். பனியும் வெயிலும் சேந்து ஒரு அரசாங்கத்தையே கட்டியிருக்கு பாருங்க, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல.

அடுத்தது காலம். எந்த வருஷம்ங்கறத விட கைல என்ன இருக்குங்கறது தான் முக்கியம். வெண்கல வாள் குடுக்குறீங்களா, செம்போட வெள்ளீயம் வேணும், அது எல்லா எடத்துலயும் கிடைக்காது. துருக்கி கடலோரம் 1982ல கண்டுபிடிச்ச உலுபுருன் கப்பல் சுமார் 3,300 வருஷம் பழசு, அதுல 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்துச்சு, வெண்கலம் வார்க்க கிட்டத்தட்ட சரியான அளவு. அப்போ உங்க வாளுக்குப் பின்னாடி ஒரு துறைமுகம், வியாபாரி, கடன், பாஷை தெரிஞ்ச தரகர் எல்லாரும் வந்தாகணும். இரும்புன்னா கதையே வேற, தாது பல எடத்துல கிடைக்கும், தூரத்து வியாபாரிய நம்பி இருக்க வேண்டியதில்ல.

இப்ப என் ஜனங்கள மலையோட மழை மறைவுப் பக்கம், அதாவது மழை எட்டாத காஞ்ச பக்கம், குடி வச்சிருக்கேன். வெள்ளீயம் வர்ற கணவாய் அடைபட்டு மூணு வருஷம் ஆச்சு, கோயில் மணிய உருக்கி அரிவாள் பண்றாங்க. காலைல காஞ்ச ஆட்டுப்பால் கட்டியும் தினைக் கஞ்சியும் சாப்பிடுறாங்க.