பகலில் 70, இரவில் 300: பிங் எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 20 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பகலில் பப்ஜி விளையாடினால் பிங் 70தான். இரவு ஏழு மணிக்குப் பிறகு 300க்கு மேல் போகிறது, ஓடுகிற ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பனி இறங்குவதால்தான் இப்படி என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் கேமிங் ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அப்பாவிடம் காசு கேட்கலாமா?"

தம்பி, இப்போதைக்கு அப்பாவிடம் கேட்காதீர்கள். கேமிங் ரவுட்டர் என்று கடையில் வைத்திருப்பவற்றின் விலை நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பல நாள் சம்பளம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் சிம் போடவே இடமிருக்காது. பழைய 4ஜி ரவுட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாவிக்க வேண்டும். வாங்கி வந்தபிறகு பிங் அதே 300இல் நின்றால் அந்தக் காசை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பிங் எந்த இடத்தில் ஏறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

20 எம்பிபிஎஸ் வருகிறதே, பிறகு ஏன் இழுக்கிறது என்றுதானே குழப்பம்? ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது ஒரு செக்கனில் எவ்வளவு டேட்டா வருகிறது என்பதை. கேமுக்கு அவ்வளவு தேவையே இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் சுடுகிறீர்கள் என்கிற சின்னச் சின்னத் தகவல்கள்தான் போய் வருகின்றன. அதற்கு ஒரு எம்பிபிஎஸ்ஸே அதிகம். ஆனால் அந்தச் சின்னத் தகவல் தாமதிக்காமல் போய்த் திரும்ப வேண்டும். அப்படிப் போய்த் திரும்பும் நேரம்தான் பிங், மில்லிசெக்கனில் சொல்வது.

மலைநாட்டில் இருப்பதால் பிங் கூடும் என்றும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரோட்டு வழியே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பைபர் கேபிளுக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர் ஓடிவிடும். அப்படியென்றால் மலையிலிருந்து கொழும்புக்குப் போய் வர ஒன்றரை மில்லிசெக்கன்கூட ஆகாது. கேமை நடத்தும் கணினி, அதாவது சேவர், சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், அங்கே போய் வர மட்டும் குறைந்தது 27 மில்லிசெக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, 4ஜியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். சேவர் சிங்கப்பூர்ப் பக்கம் என்றால் 70 என்பது நல்ல பிங். உங்கள் பகல் நேரப் பிங்கில் எந்தக் குறையும் இல்லை, அதை இன்னும் குறைக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரவில் கூடுகிற அந்த 230 எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

இதைச் செய்து பாருங்கள். இரவு ஏழரை மணிபோல, பிங் ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு லேப்டொப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனிலேயே பிங் பார்க்கும் இலவச ஆப் போட்டுக்கொள்ளலாம். ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஓர் எண் இருக்கும், அது ரவுட்டரின் முகவரி. அந்த முகவரிக்கு ஒரு பிங் ஓடவிடுங்கள். அதே நேரம் 8.8.8.8க்கு இன்னொரு பிங், அது கூகுளின் முகவரி, நமக்கு வெளியுலகம். இரண்டையும் ஐந்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், எண்கள் எப்படிக் குதிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 60, 62, 250, 61, 400 என்று குதித்தால் அதுதான் ஆளை நிறுத்தி வைப்பது. இடையில் பதிலே வராமல் போவதும் அப்படித்தான்.

ரவுட்டருக்கான பிங் ஒன்று முதல் ஐந்து வரை அமைதியாக இருக்க வேண்டும். போனில் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பரவாயில்லை. அதுவே 80, 150 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வைஃபையில். லயத்தில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர், எல்லாமே 2.4 கிகாஹேர்ட்ஸில். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துக் காம்பராக்கள் எதில் இருக்கின்றன என்று வைஃபை அனலைசர் ஆப் ஒன்றில் பார்த்து, கூட்டம் குறைந்த சானலுக்கு மாறுங்கள். சானல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் யோசிக்காமல் அதற்குப் போய்விடுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் பலவீனம்தான். ஆனால் லயத்தின் தடித்த சுவர் பக்கத்து வீட்டு இரைச்சலையும் உங்கள் பக்கம் வர விடாது. ரவுட்டர் இருக்கும் அதே அறையில் உட்கார்ந்து விளையாடினால் போதும்.

ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து வெளிப் பிங் மட்டும் ஏறுகிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது உங்கள் வீட்டு ஆட்கள். ஏழு மணிக்கு எல்லோரும் வேலையால் வந்துவிடுகிறார்கள். வைஃபை பட்டதும் ஒவ்வொரு போனும் பகல் முழுக்க எடுத்த போட்டோக்களை மேலே ஏற்றத் தொடங்கும். தங்கச்சி வீடியோ போடுவார். 4ஜியில் அப்லோட் வேகம் டவுன்லோட்டை விடக் குறைவு, அது சீக்கிரம் நிரம்பிவிடும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு பிடி கொழுந்துதான், ஆனால் முன்னால் நிற்பவர் ஐந்து சாக்கை இறக்கி வைத்திருக்கிறார். அவருடையது முடியும்வரை நீங்கள் நிற்கத்தான் வேண்டும். ரவுட்டருக்குள்ளும் அப்படித்தான் வரிசை சேர்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். வெளிப் பிங்கை ஓடவிட்டபடியே வீட்டிலுள்ள மற்றப் போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஏதோ ஒரு போனை நிறுத்தியதும் 300 சட்டென்று 80க்கு இறங்கினால் ஆள் பிடிபட்டது. அந்தப் போனில் போட்டோ பெக்கப்பை இரவு பன்னிரண்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். ரவுட்டரில் கியூஓஎஸ் என்றோ பேண்ட்வித் கண்ட்ரோல் என்றோ இருந்தால், அப்லோடை உண்மையில் கிடைக்கும் வேகத்தின் 80 வீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். அந்த அளவைப் பகல் வேகத்தை வைத்துப் போடாதீர்கள். இரவு ஏழரைக்கு அளந்து போடுங்கள், 4ஜி வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். இதைச் செய்தால் ஸ்பீட் டெஸ்டில் அப்லோட் எண் கொஞ்சம் குறையும், வீட்டில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

எல்லாப் போனையும் நிறுத்திய பிறகும் 300 அப்படியே நிற்கிறதென்றால் இரண்டாவது காரணம், டவர். ஒரு டவரின் கீழ் எத்தனையோ டிவிசன் இருக்கும், ஏழு மணிக்கு அத்தனை லயங்களிலும் போன் எடுப்பார்கள். பனி கதையும் இங்கேதான் வருகிறது. 4ஜி அலையின் நீளம், 1800 மெகாஹேர்ட்ஸ் என்றால், 16 சென்டிமீற்றருக்கு மேல். பனித்துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு. அது இந்த அலையைத் தடுக்காது. பனி இறங்குகிற நேரமும் ஆட்கள் வீட்டுக்கு வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதால் பழி பனி மேல் விழுகிறது. கடும் மழை வேறு. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு வட்டத் தட்டு வைத்து அனுப்பும் மைக்ரோவேவ் இணைப்புகள் உண்டு. அவை அதிக அலைவரிசையில் ஓடுவதால் பெருமழையில் பலவீனமாகலாம். உங்களுக்கும் டவருக்கும் நடுவே யூகலிப்டஸ் தோப்பு இருந்தால் நனைந்த இலையும் சிக்னலைக் குடிக்கும்.

டவரில் கூட்டம் என்றால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் மலைநாட்டில் நிறைய வித்தியாசம் தரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் வலு, இரண்டாவது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. சிக்னல் கோடுகளைப் பார்க்காதீர்கள், இவற்றைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். எஸ்ஐஎன்ஆர் அதைவிட முக்கியம். 10க்கு மேல் இருக்க வேண்டும், 20 என்றால் அருமை, பூச்சியத்துக்குக் கீழே போனால் எத்தனை கோடு காட்டினாலும் விளையாட முடியாது.

மலையில் பத்தடி நகர்ந்தாலே இந்த எண்கள் மாறும். ஒரு பக்கம் மேடு மறைக்கும், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு திறந்திருக்கும், தலைக்கு மேலே கூரைத் தகரம். எல்லா ஜன்னலிலும் ரவுட்டரை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சிலருக்கு எதிர் மலையிலிருக்கும் இரண்டாவது டவர் கிடைக்கும், சிக்னல் சற்றுக் குறைவாக இருந்தாலும் கூட்டம் இருக்காது. பேண்ட், அதாவது 4ஜி அலைவரிசை, தெரிவு செய்ய ரவுட்டர் விட்டால் ஒவ்வொரு பேண்டையும் இரவில் போட்டுப் பாருங்கள். வலுவான பேண்டில்தான் எல்லோரும் குவிந்திருப்பார்கள்.

நல்ல இடம் நீங்கள் விளையாடும் அறையில் இல்லையென்றால் ரவுட்டரை அங்கேயே விட்டுவிடுங்கள். லேப்டொப்பில் விளையாடுபவர்கள் அங்கிருந்து லேன் கேபிள் இழுக்கலாம். 100 மீற்றர் வரை சாதாரண கேட் 5இ கேபிளே போதும். வெளி அன்டனா வாங்குவதை விட இது மலிவு. அன்டனாதான் வேண்டுமென்றால் வயரைக் குட்டையாக வையுங்கள், நீள வயருக்குள்ளேயே பாதி சிக்னல் போய்விடும். இன்னொன்று, கூரைக்கு மேலே கம்பி நட்டு அன்டனா வைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் விழுகிற இடி நமக்குத் தெரியும். வானம் இருட்டினால் மேட்ச் நடுவில் இருந்தாலும் அடாப்டரையும் கேபிளையும் கழற்றுங்கள். ரேங்க் போனால் திரும்ப ஏற்றலாம்.

இதெல்லாம் செய்தும் சரிவராவிட்டால், பக்கத்து வீட்டில் வேறு கம்பனி சிம் வைத்திருப்பவரிடம் ஒரு இரவு ஹொட்ஸ்பொட் கேளுங்கள். அதே ஏழரை மணிக்கு அதே பிங் டெஸ்ட். அவருடையது 90இல் நின்றால் நீங்கள் மாற்ற வேண்டியது சிம், ரவுட்டர் அல்ல. ரவுட்டர் ஒரே கம்பனிக்கு லொக் செய்யப்பட்டதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பைபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரவுட்டரில் சிவப்பு லொஸ் (LOS) லைட், அதாவது பைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் லைட், எரிந்தால் அது கம்பனிதான் வந்து பார்க்க வேண்டிய வேலை. பழைய செப்புக் கம்பி லைன் என்றால் மழைக்குப் பிறகு டெலிபோனைக் காதில் வைத்துப் பாருங்கள், கரகரவென்று கேட்டால் எங்கோ ஜொயின்ட் நனைந்திருக்கிறது, அதைச் சொல்லியே முறைப்பாடு கொடுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையுமா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். குறையாது. டிஎன்எஸ் என்பது சேவரின் முகவரியைத் தேடித் தருவது மட்டும், மேட்ச் தொடங்கிய பிறகு அதற்கு வேலையில்லை. பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் பூஸ்டர் ஆப்களுக்கும் காசு கட்டாதீர்கள்.

அப்புறம், கணினியில் விளையாடும் இன்னொரு தம்பி, தான் மைன்கிராப்ட் ஹோஸ்ட் செய்தால் கூட்டாளிகளால் சேர முடியவில்லை என்கிறார், வெளியிலிருந்து வருபவர்களுக்கு ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் போர்வேர்டிங்கும் செய்துவிட்டாராம். தம்பி, ரவுட்டருக்குள் காட்டும் வான் ஐபி (WAN IP, கம்பனி உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரி) 10இல் தொடங்குகிறதா, அல்லது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் கம்பனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டு வாசலே தெரியாது, ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. 4ஜியில் இது வழக்கம். பொது ஐபி தருவார்களா என்று கம்பனியிடம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பொது ஐபி இருக்கும் ஒரு கூட்டாளியை ஹோஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவைத் தம்பி, இன்றிரவே அந்த இரண்டு பிங்கையும் எடுத்து, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்களோடு கீழே எழுதுங்கள். ரவுட்டரின் மொடலையும் போடுங்கள், அதில் பேண்ட் மாற்ற முடியுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.