எந்த இடத்தில் கை தட்டினோம்?

(மும்பை தாராவியில், கல்லூரி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் வந்திருந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன்மார்களே, அக்காமார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் டியூஷன் பிள்ளைகளே, சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் "அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் பார்க்கிறது, அதில் பேச என்ன இருக்கிறது" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதனால் ஒரு காட்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2021 மார்ச்சில் 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' என்று ஒரு தொடர் வந்தது. மொத்தம் ஆறே பாகம். முதல் பாகத்தில் சாம் வில்சன், அதாவது இறக்கை கட்டிப் பறந்து உலகத்தைக் காப்பாற்றிய அந்தக் கறுப்பின வீரன், தன் சகோதரியைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போகிறான். குடும்பத்துக்கு ஒரு பழைய படகு இருக்கிறது, தொழில் நொடித்துப் போயிருக்கிறது, லோன் வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரிக்கு இவன் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்கிறது, சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார், ஆனால் லோன் மட்டும் கிடையாது. ஐந்து வருஷமாக வருமானம் காட்டவில்லையாம். உலகத்தில் பாதிப் பேர் ஐந்து வருஷம் மறைந்துபோனதும், சாம் அவர்களில் ஒருவன் என்பதும் அந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அந்த அதிகாரிக்கும் தெரியும்.

இந்தக் காட்சிக்கு வந்த எதிர்வினையைப் பாருங்கள். ஒரு பக்கம், "பறக்கிற சண்டையைப் பார்க்க உட்கார்ந்தால் பேங்க் கவுன்டரைக் காட்டுகிறீர்களே" என்று சலிப்பு. இன்னொரு பக்கம், குறிப்பாகக் கறுப்பின ரசிகர்கள் பலர், அது எங்கள் வீட்டில் நடந்தது, எங்கள் அப்பாவுக்கு நடந்தது என்று எழுதினார்கள். ஒரே காட்சிதான். உட்கார்ந்திருக்கிற இடம் வேறு.

எங்கள் டியூஷன் ரூமில், ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பார்த்தோம். பேங்க் காட்சி முடிந்ததும் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்திவிட்டு, "சார், இது நம்ம பின்கோடு சார்" என்றான். மற்ற ஐந்து பேரும் எதுவும் பேசவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 400017. நான் வேலைக்குப் போன புதிதில் ஸ்கூட்டர் லோனுக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, எல்லாக் காகிதத்தையும் சரிபார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்த மனிதர், முகவரி வரியில் விரல் நின்றதும் பேனாவை மூடி வைத்தார். "இந்த ஏரியாவுக்குக் கொடுப்பதில்லை" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றார், அந்த 'மேலே'யிலிருந்து பதில் வரவே இல்லை. கடைசியில் அம்மா சீட்டு எடுத்துத்தான் ஸ்கூட்டர் வாங்கினோம். லூசியானாவில் இருக்கிற ஒரு மீனவக் குடும்பத்துக் கதை தாராவிப் பையனுக்கு அவன் தெருக் கதையாகத் தெரிகிறது என்றால், பெரியவரே, அதைச் சின்னப் பிள்ளை விஷயம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

சரி, "பொழுதுபோக்கில் ஏன் அரசியலைக் கலக்கிறீர்கள்" என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது புதிதாகக் கலந்தது இல்லை. 1938-இல் சூப்பர்மேனை உலகத்துக்குக் கொடுத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1946-இல் சூப்பர்மேன் வானொலித் தொடர், அமெரிக்க வெள்ளை நிறவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானை மனதில் வைத்து எழுதிய ஒரு கதையைப் பதினாறு பாகமாக ஒலிபரப்பியது, வெள்ளை முக்காடு போட்ட வெறியர்களை எதிர்த்துச் சூப்பர்மேன் நின்றான். பிழைக்க இன்னொரு ஊருக்குப் போனவர்களின் பிள்ளைகள் உண்டாக்கிய கதை இது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 'தி பாய்ஸ்' தொடரை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், பெரியவர்களுக்கான தொடர், சின்னவர்கள் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். அதில் ஹோம்லேண்டர் என்று ஒருவன், பறப்பான், கண்ணிலிருந்து நெருப்பு வரும், கேமரா முன்னால் நாட்டின் செல்லப்பிள்ளை, உள்ளே கொலைகாரன். 2022-இல் வந்த மூன்றாவது சீசனின் கடைசியில், அவன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு தன்னை ஆதரிக்கும் கூட்டத்தின் முன்னால் வருகிறான். எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் பையன் மேல் எதையோ எறிகிறான். அடுத்த நொடி ஹோம்லேண்டர் அவனைப் பட்டப்பகலில் எரித்துக் கொல்கிறான். கூட்டம் உறைந்துபோகிறது. ஹோம்லேண்டர் முகத்தில்கூட ஒரு கணம் பயம், வேஷம் கலைந்துவிட்டதே என்று. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன், வீட்டில் பிள்ளையை அன்பாகப் பார்த்துக்கொள்கிற ஒரு சாதாரண மனிதன், சந்தோஷமாகக் கத்துகிறான். பிறகு எல்லோரும் ஆரவாரம்.

எங்கள் ரூமிலும் ஒரு தம்பி அந்த இடத்தில் கை தட்டினான்.

நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் முதல் நாள் காட்சிக்குப் போய் விசில் அடித்து வளர்ந்தவன் நான், ஹீரோ கை ஓங்கினாலே நம் கை தானாகத் தட்டும், அது பழக்கம். ஆனால் அந்தத் தொடரை எழுதியவர்கள் அந்தக் கைதட்டலைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள். ஹோம்லேண்டரையே நாயகனாக நினைத்துக் கொண்டாடிய ஒரு கூட்டம் உண்மையிலேயே இருந்தது, 2024-இல் நான்காவது சீசன் வந்தபோது, நம்மைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று அதில் பலருக்குக் கோபம் வந்து, ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். இத்தனைக்கும் இரண்டாவது சீசனிலேயே ஒரு காட்சி இருக்கிறது. ஒரு இளைஞன் தினமும் திரையில் வெறுப்புப் பேச்சைக் கேட்கிறான், தினமும் போகிற அதே கடைக்குப் போகிறான், தினமும் முகம் பார்த்துச் சில்லறை கொடுக்கிற அதே கடைக்காரர் ஒரு நாள் அவன் கண்ணுக்கு எதிரியாகத் தெரிகிறார், சுட்டுவிடுகிறான். வெளியூர்க்காரன், வேறு நிறம், அவ்வளவுதான் காரணம். 1960-களின் கடைசியில் இதே பம்பாயில் லுங்கி கட்டியவனை விரட்டு என்று கோஷம் கிளம்பி உடுப்பி ஓட்டல்களை அடித்தபோது, சயானில் பெட்டிக்கடை வைத்திருந்த என் தாத்தா ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, தினமும் பீடி வாங்குகிற ஆட்களின் கையைப் பார்த்துப் பார்த்து வியாபாரம் செய்தாராம். அந்தக் கடைக் காட்சியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

'பனிஷர்' என்ற காமிக்ஸ் பாத்திரத்தின் மண்டையோட்டுச் சின்னமும் இதே கதைதான். சட்டம் தோற்றுப்போன இடத்தில் உடைந்துபோன ஒரு மனிதனின் அடையாளம் அது, அதை அமெரிக்கப் போலீஸ்காரர்கள் சிலர் தங்கள் வண்டியில் ஒட்டிக்கொண்டார்கள். அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இங்கே என்கவுன்டர் படத்துக்குக் கை தட்டுகிற நம் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், ஏதாவது நடந்தால் முதலில் வண்டியில் ஏற்றுவது எந்தத் தெருப் பையனை என்று உங்களுக்கே தெரியும்.

"காமிக்ஸில் இருப்பதை மாற்றாதே" என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். 2018-இல் வந்த 'டைட்டன்ஸ்' தொடரில் ஸ்டார்ஃபயராக ஆனா டியோப் நடித்ததற்கு, அவர் கறுப்பினப் பெண் என்பதால் அசிங்கமாகத் திட்டி, அவர் தன் இன்ஸ்டாகிராமில் கருத்துப் பகுதியையே மூடும்படி செய்தார்கள். காமிக்ஸில் ஸ்டார்ஃபயர் வேற்றுக்கிரகத்துப் பெண், தோல் ஆரஞ்சு நிறம்! ஆரஞ்சு நிறப் பெண்ணாக யார் நடித்தால் மூலத்துக்கு விசுவாசம்? 'தி ஃபிளாஷ்' தொடரில் நடித்த கறுப்பின நடிகை கேண்டிஸ் பேட்டனுக்கும் வருஷக்கணக்கில் இதே கொடுமை. ஆனால் அவருக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றவர்களும் ரசிகர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

2022-இல் 'மிஸ் மார்வெல்' வந்தபோதும் ஆரம்பத்திலேயே ஒற்றை நட்சத்திர மழை. ஜெர்சி சிட்டியில் இருக்கிற ஒரு பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண் கமலா கான், 1947 பிரிவினை ரயில் வரைக்கும் போகிற கதை. ஆனால் எங்கள் ரூமில் இருந்த ஒரு முஸ்லிம் தங்கைக்குப் பிடித்தது ரயிலும் இல்லை, சக்தியும் இல்லை. கமலாவின் தோழி நக்கியாவின் செருப்பு மசூதியில் திருட்டுப் போகிறது, அவள் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். "சார், எங்களையும் செருப்புத் தொலைக்கிற சாதாரண மனுஷங்களாகக் காட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அதே காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அப்புறம் 'வாட்ச்மென்'. 2019, ஒன்பது பாகம். முதல் காட்சியில் ஒரு சின்னப் பையன் மௌனப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா அழுதுகொண்டே பியானோ வாசிக்கிறாள், வெளியே ஊர் எரிகிறது. ரசிகர்கள் பலர் அதைக் கற்பனை என்றே நினைத்தார்கள். தேடிப் பார்த்தபோதுதான், 1921 மே 31, ஜூன் 1, ஓக்லஹோமா மாநிலத்து டல்சாவில் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பு ஏறக்குறைய 35 தெருக்கட்டங்கள் அழிக்கப்பட்டது என்று தெரிந்தது. இறந்தவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். சொந்த நாட்டில் நடந்ததை ஒரு முகமூடிக் கதை பார்த்துத் தெரிந்துகொண்டோமே என்று அமெரிக்கர்கள் வெட்கப்பட்டு எழுதினார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு நம் நினைப்புத்தான் வந்தது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அதைவிடு, பக்கத்தில் காட்கோபர். 1997 ஜூலை 11, ரமாபாய் அம்பேத்கர் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில்தான் தூர்தர்ஷனில் 'சக்திமான்' ஆரம்பித்தது. எங்கள் சாளில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரே டிவி முன்னால் நாங்கள் இருபது பேர் உட்கார்ந்து, முடிவில் அவர் சொல்கிற நல்ல பழக்கங்களை ஒப்பித்தோம். இரண்டு மாதத்துக்கு முன்னால் சில ரயில் நிலையங்கள் தள்ளி நடந்ததைப் பற்றி எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ரமாபாய் நகர் பெயரைக் கேள்விப்பட்டது காலேஜுக்குப் போன பிறகு.

கடைசியாக, கை தட்டிய அந்தத் தம்பி. அன்றைக்கு அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனாகவே வந்து அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னான். இந்தத் தடவை ஹோம்லேண்டரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற மகனின் முகத்தையே பார்த்தான். கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது அந்தப் பிள்ளையின் உதட்டில் மெதுவாக ஒரு சிரிப்பு வரும். அங்கே நிறுத்திவிட்டு, "அவன் எதுக்கு சார் சிரிக்கிறான்? அப்பாவுக்காகவா, இல்ல இந்தச் சத்தத்துக்காகவா?" என்று கேட்டான். அன்றைக்கு ரூமைப் பூட்டும்போது மணி பதினொன்றரை.

வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு 'வாட்ச்மென்' முதல் பாகம் போடுகிறோம். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் வரலாம், வாசலில் கேள்வி கேட்ட பெரியவர் அவசியம் வர வேண்டும், ரூம் மேல்மாடியில், ஏணி கொஞ்சம் செங்குத்து, தம்பிகள் கை பிடித்து ஏற்றிவிடுவார்கள்.